மூன்றாவது ரெக்கார்டு

அத்தியாயம் ஒன்பது

சுப்புத்தாய் எந்தப் படத்தையும் ஒரு தடவை பார்த்துவிட்டு விடுகிறவள் இல்லை. தேவாரம் ஊருக்கு டூரிங் டாக்கீஸ் வந்த இந்த இரண்டு வருஷத்தில் அவள் மூன்று தடவைக்குக் குறைவாகப் பார்த்த படம் ஒன்றே ஒன்றுதான். அந்த வாரம் அவளுக்குக் காய்ச்சல்.

பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பாளா என்றால் அதுவும் கிடையாது. "வீடு பத்தி எரியுது. அந்த ஆளு வாசல்ல நின்னு பாடுறான். ஒரு கொடம் தண்ணி எடுத்து ஊத்துடான்னா ரெண்டாவது சரணத்துக்குப் போறான்" என்று கிணற்றடியில் நின்று அவள் தீர்ப்புச் சொன்னால், படம் பார்க்காதவர்களும் குடத்தை இறக்கிவைத்துவிட்டுக் கேட்பார்கள். யுத்தத்தின்போது பிலிம் பற்றாமல் சர்க்கார் படங்களின் நீளத்தைக் குறைத்ததே, அந்த யுத்தத்தால் உலகத்துக்கு விளைந்த ஒரே நன்மை அதுதான் என்பது அவள் கட்சி.

கதாநாயகிகள் அழுவதை மட்டும் அவளால் மன்னிக்கவே முடியாது. "தோளு குலுங்குது, கை மொகத்தை மூடுது, கண்ணுல வச்ச மை வச்சபடி இருக்கு. நெசமா அழுதா மை கன்னத்துக்கு வந்துராதா? யார்கிட்ட காட்டுறாளுக?" என்பாள்.

இப்படிப்பட்டவளிடம் போய் ஒருவன் கதை விட்டால் என்ன ஆகும்?

பத்து நாளைக்கு முன்னால் அவள் அண்ணன் மகள் சுருளியம்மாளைப் பெண் பார்க்க வந்த சுந்தர்ராஜை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஓடைப்பட்டிச் சின்னச்சாமியின் தம்பி மகன். கோயமுத்தூரில் ஒரு சினிமா ஸ்டூடியோவில் சவுண்டு இஞ்சினீயருக்குக் கையாள் என்று சொல்லிக்கொண்டான். மணிக்கட்டில் கைக்கடிகாரம். அது எப்படிக் கிடைத்தது என்று வீட்டுக்காரர்கள் கேட்டதற்கு அவன் சொன்ன கதையைக் கேட்டு அண்ணன் சுயம்புலிங்கம் சொக்கிப்போனார்.

குதிரை மிரண்டு ஓடிய வண்டியில் முதலாளியின் குழந்தை இருந்ததாம். சுந்தர்ராஜ் குறுக்கே பாய்ந்து கடிவாளத்தைப் பிடித்தானாம். முதலாளி பணத்தை நீட்டினாராம். "குழந்தையின் சிரிப்புக்கு விலை வாங்குகிறவன் நான் அல்ல" என்று இவன் சொன்னானாம். உடனே அவர் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி இவன் கையில் கட்டி, வேலையும் போட்டுக் கொடுத்தாராம்.

அவன் பெண் பார்த்துவிட்டுப் போய் நாலு நாள் கழித்துக் கொட்டகைக்கு 'குமுதவேணி' வந்தது. மூன்றாவது ரீலில் ஒரு குதிரை மிரண்டது. கதாநாயகன் பாய்ந்தான். ஜமீன்தார் பணத்தை நீட்டினார். மணலில் உட்கார்ந்திருந்த சுப்புத்தாய்க்கு வாயில் போட்ட முறுக்கு அப்படியே நின்றுவிட்டது. "குழந்தையின் சிரிப்புக்கு விலை வாங்குகிறவன் நான் அல்ல" என்றான் கதாநாயகன், ஒரு எழுத்துக்கூடப் பிசகாமல்.

படம் பெரிய ஊர்களில் ஓடித் தேய்ந்த பிறகுதானே தேவாரத்துக்கு வரும்? சுந்தர்ராஜ் கோயமுத்தூரில் முன்னமே பார்த்திருக்கிறான். அவ்வளவுதான் சங்கதி.

அண்ணனிடம் சொன்னாள். அவர் சிரித்தார்.

"ஏன் தாயி, ஊர்ல மெரண்டு ஓடுற குதிரை எல்லாம் சினிமாக்காரன் வீட்டுக் குதிரையா? ஒனக்குப் படம் பாத்துப் பாத்துப் புத்தி பேதலிச்சுப் போச்சு."

"வசனங்கூட அதேதாண்ணே."

"நல்ல மனுசன் எவனும் அதைத்தான் சொல்வான். சின்னச்சாமியை எனக்கு இருவது வருசமாத் தெரியும். பேச்சை விடு."

சின்னச்சாமியைத் தெரியும், சரி. சுந்தர்ராஜைத் தெரியுமா? இதை அண்ணனிடம் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. ஏனென்றால் பதினேழு வருஷத்துக்கு முன்னால் அவளையும் இப்படித்தான் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளையின் சித்தப்பாவைத் தெரியும் என்றார்கள். மாப்பிள்ளைக்கு மலைக்கு மேலே ஏலத்தோட்டத்தில் இன்னொரு பெண்டாட்டியும் இரண்டு பிள்ளைகளும் இருந்தது கலியாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. எட்டாம் மாதம் பெட்டியோடு திரும்பி வந்தவள் அண்ணன் வீட்டிலேயே தங்கிவிட்டாள். அன்றைக்கு ஒருத்தர், ஒரே ஒருத்தர், மலையேறிப் போய் விசாரித்திருந்தால் போதும். அந்த ஆத்திரம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

அதனால் யாருக்கும் தெரியாமல் ஒரு காரியம் செய்திருந்தாள். அந்த ஸ்டூடியோவுக்கு, பதில் எழுத இன்னொரு அட்டை இணைத்த ஒரு ஜவாப் கார்டு எழுதி, தபால்காரர் கையிலேயே கொடுத்திருந்தாள். 'சுந்தர்ராஜ் என்பவர் தங்களிடம் வேலையில் இருக்கிறாரா? கலியாணம் ஆனவரா? ஒரு பெண்ணின் வாழ்வு, தயவுசெய்து எழுதவும்.'

பதில் வருவதற்குள் நிச்சயதார்த்தம் வந்துவிட்டது. அது இன்றைக்கு.

---

காலையில் தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதே சுப்புத்தாய் வாசலுக்கு வந்துவிட்டாள்.

"இருக்காய்யா?"

"இல்லாத்தா. நாளைக்குப் பாப்போம்."

நாளைக்கு வந்து என்ன பிரயோஜனம்? இன்று சாயங்காலம் தட்டு மாறிவிட்டால் பேச்சு முடிந்தது. இந்தப் பக்கத்தில் வெற்றிலை மாற்றிய சம்பந்தம் தாலி கட்டியதற்குச் சமம். முறித்தால் பெண்ணின் பெயர்தான் கெடும்.

உள்ளே சுருளியம்மாள் தலை சீவ உட்கார்ந்திருந்தாள். பதினெட்டு வயது. அத்தையின் மடியில் வளர்ந்தவள், கொட்டகையில் அத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதே படங்களை அதே மூன்று தடவை பார்த்தவள்.

"தபால்காரருகிட்ட என்ன அத்தே பேச்சு?"

"சும்மாதான். அவரு மகளுக்கு ஒடம்புக்கு எப்படி இருக்குன்னு கேட்டேன்." பின்னலை இறுக்கினாள். "ஏ புள்ள, ஒனக்கு அந்த ஆளைப் புடிச்சிருக்கா?"

சுருளியம்மாள் கண்ணாடியைப் பார்த்தபடியே சிரித்தாள். "அவுக மொகத்தைப் பாத்தாப் பொய் சொல்றவுக மாதிரியா அத்தே இருக்கு?"

"பொய் சொல்றான்னு நான் எப்பச் சொன்னேன்?"

"அப்பாகிட்டச் சொன்னீகளே."

சுப்புத்தாய் மைச்சிமிழை எடுத்தாள். மருமகளின் முகத்தை நிமிர்த்தி இரண்டு கண்ணுக்கும் மை தீட்டினாள். இந்த முகம் ஒருநாள் பெட்டியோடு அந்த வாசலில் வந்து நிற்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டாள்.

அடுப்படியிலிருந்து மதினி அன்னத்தாயின் குரல் வந்தது. "சுப்பு, சோசியர் சொன்னது ஞாபகம் இருக்குல்ல? ஆறரைக்கு அட்டமி பொறக்குது. அதுக்குள்ள தட்டு மாத்தியாகணும். எங்கண்ணன் ஆறு மணிக்கு வந்துருவாக."

அன்னத்தாயின் அண்ணன் நல்லகண்ணு, பெண்ணுக்குத் தாய்மாமன். கோம்பையில் அவர் வயலுக்கு இன்றைக்குத் தண்ணீர் பாய்ச்சும் முறை. மடையை அடைத்துவிட்டு வண்டி கட்டி ஆறு மணிக்குச் சரியாக வந்துவிடுவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். தாய்மாமன் இல்லாமல் எவனும் தட்டைத் தொட முடியாது.

சுப்புத்தாய் மைச்சிமிழைக் கீழே வைத்தாள். ஆறு மணிக்குத் தாய்மாமன். ஆறரைக்கு அஷ்டமி. நடுவில் அரை மணி நேரம். அந்த அரை மணி நேரம் இல்லாமல் போனால்?

---

தேவாரத்தில் சாயங்கால மணி பார்ப்பது எப்படி என்று வெளியூர் வாசகர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். ஐந்து அடிப்பதற்குள் சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும். அதற்கப்புறம் இருட்டும் வரை எல்லாம் ஒரே நேரம்தான். தபாலாபீஸ் கடிகாரம் ஐந்து மணிக்குக் கதவோடு பூட்டப்படும். முன்னெல்லாம் மக்கள் குத்துமதிப்பாக நடத்திக்கொண்டிருந்தார்கள். டாக்கீஸ் வந்த பிறகு அந்தக் கவலை விட்டது.

ஐந்தரைக்குக் கொட்டகையின் ஒலிபெருக்கியில் பிள்ளையார் பாட்டு. ஆறு மணிக்குக் கிளாரினெட். ஊர் முழுக்க விளக்கேற்றுவார்கள். ஆறரைக்கு மயில் பாட்டு, டிக்கெட் கொடுக்கத் தொடங்குவார்கள். இரண்டு வருஷத்தில் ஒருநாளும் பிசகியதில்லை. ஆபரேட்டர் ஒச்சாண்டி தினமும் தபாலாபீஸுக்குப் போய்த் தன் கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொண்டு வருவான். அதனால் மயில் பாட்டு வந்தால் ஆறரை. அதற்கு மேல் கேள்வி கிடையாது.

மத்தியானம் சுப்புத்தாய் கொட்டகைக்குப் போனபோது ஒச்சாண்டி ஆயில் இஞ்சினைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"வாங்கக்கா. படம் எப்படி?"

"எதைக் கேக்குற? மொத ஆட்டத்தையா, ரெண்டாவது ஆட்டத்தையா?"

"ரெண்டும் ஒரே படந்தானக்கா."

"அப்படியா? நேத்து ரெண்டாவது ஆட்டம் வீட்ல படுத்தே கேட்டுக்கிட்டு இருந்தேன். எட்டாவது ரீல்ல ராசாவைச் செறையில போட்டாக. அடுத்தாப்புல பட்டாபிசேகம் நடக்குது. நடுவுல செறையை ஒடைச்சது யாரு? நீயா?"

ஒச்சாண்டியின் கையிலிருந்த துணி கீழே விழுந்தது. சீக்கிரம் படுக்கப்போக ஒரு ரீலை விழுங்குகிறவன் அவன். முதலாளிக்குத் தெரிந்தால் அன்றைக்கே வேலை போய்விடும்.

"அக்கா, மெதுவாப் பேசுங்க. ஒங்க காலுல வேணும்னாலும் விழுறேன்."

"விழ வேணாம். நான் யார்கிட்டயும் சொல்லலை. எனக்கு ஒரே ஒரு ஒத்தாசை. இன்னிக்கு மூணு ரெக்கார்டையும் முக்கா மணி முந்திப் போட்டுரு."

"முக்கா மணியா! ஊரே கொழம்பிப் போயிருமே."

"ஒண்ணும் கொழம்பாது. முந்திச் சாப்பிட்டு முந்தி வருவாக. ஒனக்கு முறுக்குக்காரன் நன்றி சொல்வான்."

அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். என்ன விவகாரம் என்று கேட்கத் தைரியம் வரவில்லை. "சரிக்கா" என்றான்.

கொட்டகையிலிருந்து வீட்டுக்கு நடந்தாள். செய்வது தப்பு என்று தெரியும். எட்டு நாள் கிடைத்தால் போதும், கார்டு வந்துவிடும். நல்ல பதிலாக இருந்தால் அவளே முன்னால் நின்று வெற்றிலை மடித்துக் கொடுப்பாள்.

---

ஓடைப்பட்டிக்காரர்கள் நாலரை மணிக்கே வந்துவிட்டார்கள். நிச்சயத்துக்கு மாப்பிள்ளை வருவது இங்கே வழக்கமில்லை. சுந்தர்ராஜ் வந்திருந்தான். மல் ஜிப்பாவும் கைக்கடிகாரமுமாக முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தான்.

'மாப்பிள்ளை வராத இடத்துக்கு எதுக்கு வந்தான்?' என்று சுப்புத்தாய் நினைத்தாள். அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டாள்.

பேச்சு பருத்தி விலையில் தொடங்கி மழைக்குப் போனது. பிள்ளையார் பாட்டு போனது. கிளாரினெட் வந்தது. அன்னத்தாய் விளக்கேற்றிவிட்டு வாசலை எட்டிப் பார்த்தாள்.

"ஆறாயிருச்சு. அண்ணனைக் காணோமே."

"வருவான், வருவான்" என்றார் சுயம்புலிங்கம். கொஞ்ச நேரத்தில் அவரே இரண்டு தடவை எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"என்னமோ தெரியலை, இன்னும் ஆடு திரும்பலை" என்றாள் அன்னத்தாய். "தெனம் கிளாரினெட்டுக்கு முன்னாடியே வந்துருமே."

சுப்புத்தாய் சட்டென்று காப்பித் தம்ளர்களை அடுக்கத் தொடங்கினாள். திட்டம் போட்டபோது ஆடுகளைப் பற்றி அவள் யோசிக்கவே இல்லை.

அப்போது மயில் பாட்டு தொடங்கியது. கரகரவென்று ஊசி தேய்ந்த ரெக்கார்டு.

"மச்சான், என்ன இது?" என்றார் சின்னச்சாமி. "ஆறரையா ஆயிருச்சு? தாய்மாமனைக் காணோம், அட்டமி வேற பொறந்துருச்சு."

சுயம்புலிங்கத்தின் முகம் கறுத்தது. "இந்த நல்லகண்ணுப் பயலை நம்பினேன் பாருங்க. இனிமே எப்படித் தட்டைத் தொடுறது?"

"பொறுங்க, பொறுங்க. பாட்டை வச்சே எல்லாத்தையும் முடிவு பண்ணிப்புட முடியுமா? நம்ம தம்பி கையில வாட்சு இருக்கே!" சின்னச்சாமி திரும்பினார். "ஏப்பா சுந்தர்ராஜு, மணி என்ன ஆகுது பாரு."

சுப்புத்தாய் எல்லாவற்றுக்கும் காரணமான அந்தக் கைக்கடிகாரத்தையே மறந்துபோயிருந்தாள்! மணி ஆறுகூட ஆகவில்லை. இப்போது அவன் அதைச் சொல்வான். கொட்டகைக்கு ஆள் போகும். ஒச்சாண்டி ஒரு அதட்டலுக்குத் தாங்க மாட்டான். சபை நடுவில் அண்ணன் அவளைப் பார்த்துக் கேட்பார்.

சுந்தர்ராஜ் ஜிப்பாக் கையை ஒதுக்கினான். கடிகாரத்தைப் பார்த்தான். நிதானமாகத் தலையை நிமிர்த்தி, கூடத்தின் கடைசியில் தூணோரம் நின்ற சுப்புத்தாயைப் பார்த்தான்.

"ஆறரை தாண்டி ரெண்டு நிமிசம் ஆச்சு பெரியப்பா" என்றான்.

---

அப்புறம் நடந்ததெல்லாம் மளமளவென்று நடந்தது. அஷ்டமி, நவமி கழிந்து அடுத்த வெள்ளிக்கிழமை என்று முடிவாயிற்று. சமைத்ததை வீணாக்க வேண்டாம், சாப்பிட்டுப் போங்கள் என்று சுயம்புலிங்கம் கும்பிட்டார். உள்ளறையில் சுருளியம்மாள் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மினாள். அன்னத்தாய் அவளை அணைத்துக்கொண்டு தன் அண்ணனையே திட்டித் தீர்த்தாள்.

சாப்பாடு பரிமாறும்போது நல்லகண்ணு வந்து இறங்கினார். வேட்டியில் சேறு காயவில்லை.

"வந்துட்டேன் மச்சான்! சொன்னபடி ஆறு மணி!"

"ஏலே, ஆறு மணியா?" சுயம்புலிங்கம் பாய்ந்தார். "மயில் பாட்டு பாடி முடிஞ்சாச்சு! எம்மக காரியத்தைவிட ஒனக்குத் தண்ணி பெருசாப் போச்சா?"

"சத்தியமா மச்சான், மடையை அடைச்சது..."

"பேசாத. இன்னும் ஒரு வார்த்தை பேசாத."

நல்லகண்ணு தப்பு செய்யாத மனிதர். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வண்டியிலேயே போய் உட்கார்ந்துகொண்டார். சுப்புத்தாய்க்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஓடிப்போய் அவர் காலில் விழ வேண்டும்போல இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று அவளைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது.

அவன் ஏன் பொய் சொன்னான்?

கடிகாரம் ஓடவில்லையோ? அதுதான். ஓடாத கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு திரிகிறான், பாட்டைக் கேட்டு அதன்படி மணி சொல்லிவிட்டான். அப்படித்தான் இருக்கும்.

கை கழுவ அவன் பின்கட்டுக்கு வந்தபோது செம்பில் தண்ணீரோடு அவளே முன்னால் போனாள். அவன் கடிகாரத்தைக் கழற்றித் துவைகல்லின்மேல் வைத்தான். குனிந்து தண்ணீர் ஊற்றுகிற சாக்கில் அவள் பார்த்தாள். விநாடி முள் துடித்துத் துடித்து ஓடிக்கொண்டிருந்தது. ஆறு மணி பத்து நிமிஷம்.

"சரியாத்தான் ஓடுது சின்னம்மா" என்றான் அவன் தலை நிமிராமலே.

அவள் செம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். "பெறகு எதுக்கு ஆறரைன்னு சொன்னீக?"

"நீங்க எதுக்குப் பாட்டை முந்திப் போடச் சொன்னீக?"

அவன் கையைத் துடைத்தான், கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டான். கொக்கியை மாட்டியபடியே தணிந்த குரலில் சொன்னான்.

"கோயமுத்தூருக்கு நீங்க போட்ட கார்டுக்குப் பதில் வராது. காத்துக்கிட்டு இருக்காதீக. வெள்ளிக்கெழமைக்குள்ள நானே வந்து சொல்லிப்புடுறேன்."

போய்விட்டான்.

சுப்புத்தாய் அங்கேயே நின்றாள். பார்த்த படங்களையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். இந்த வசனம் எந்தப் படத்திலும் இல்லை. முதல் தடவையாக அவன் சொந்தமாக ஏதோ பேசியிருக்கிறான், அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

கார்டு விஷயம் அவனுக்கு எப்படித் தெரியும்? அண்ணனுக்குத் தெரியாது. மதினிக்குத் தெரியாது. எழுதியதும் அவள், தபால்காரரிடம் கொடுத்ததும் அவள். பேனா மட்டும் சுருளியம்மாளின் பெட்டியிலிருந்து எடுத்தது. எழுதிய கார்டை மை காயட்டும் என்று அந்தப் பெட்டியின் மேல்தான் வைத்திருந்தாள்.

உள்ளறைக்குப் போனாள்.

அன்னத்தாய் பரிமாறப் போயிருந்தாள். சுருளியம்மாள் சுவரோரம் தனியாக உட்கார்ந்திருந்தாள். காலடிச் சத்தம் கேட்டதும் கைகள் மறுபடி முகத்துக்கு ஏறின. தோள்கள் குலுங்கின.

"ஆத்தா, அழாத" என்று சுப்புத்தாய் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு விரலாக, இரண்டு விரலாக அந்தக் கைகளை விலக்கினாள். முகத்தை விளக்குக்கு நேராகத் திருப்பினாள்.

காலையில் அவள் தீட்டிவிட்ட மை, தீட்டியபடியே இருந்தது.